ரொட்டியும் முக்காடும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குரோஷியாவில் கிர்க் தீவுக்குப் போயிருந்தோம். அங்கிருந்த கோட்டை ஃபிராங்கோபான் என்ற பிரபுக் குடும்பத்துடையதாம். அவர்கள் பழைய ரோமாபுரிக் குடும்பமொன்றின் வழிவந்தவர்கள் என்று வழிகாட்டி சொன்னார். இரண்டு சிங்கங்கள் ஒரு ரொட்டியைப் பிய்க்கும் குலச்சின்னத்தின் படத்தையும் காட்டினார். இது உண்மையா? வம்சத்தின் கடைசி ஆண் தலை வெட்டப்பட்டாராம். அவர் தியாகியா, துரோகியா? ஒரு சின்ன தேசத்துப் பிரபுக்களைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. ஆனாலும் அந்த ரொட்டி மனதை விட்டுப் போகவில்லை.

க.

அன்புள்ள க.,

ரொட்டி மனதில் நின்றது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். இரண்டு வாரமாக அதே குடும்பத்தின் நினைப்பில்தான் இருக்கிறேன், வேறொரு காரணத்துக்காக.

‘சின்ன தேசம்’ என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். ஓர் ஊருக்குப் போய், அவர்கள் சோற்றைத் தின்று, அவர்கள் கடலில் கால் நனைத்துவிட்டு வந்து சொல்லக்கூடிய சொல் அல்ல அது. தியாகியா துரோகியா என்பதும் பட்டிமன்றத் தலைப்பு. நீங்கள் கேட்ட அந்தக் கடைசி ஆண் ஃபிரான் கிர்ஸ்டோ ஃபிராங்கோபானும் அவருடைய அக்காள் கணவர் பெட்டார் ஸ்ரின்ஸ்கியும் ஹாப்ஸ்பர்க் பேரரசர் லியோபோல்டுக்கு எதிராகச் சதி செய்தார்கள், பிடிபட்டார்கள், 1671 ஏப்ரல் 30 அன்று ஆஸ்திரியாவின் வீனர் நோய்ஸ்டாட்டில் இருவர் தலையும் விழுந்தது. ஃபிரான் கிர்ஸ்டோ கவிஞர். அவருக்குப் பட்டம் கொடுக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

ரோமாபுரிக்கு வருகிறேன். இந்தக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் துயாம். 1118 வாக்கில் வெனிஸுக்குக் கட்டுப்பட்டுக் கிர்க் தீவை ஆண்டவர். அவருக்குப் பின் முந்நூறு ஆண்டுகள் அவர்கள் ‘கிர்க் பிரபுக்கள்’, அவ்வளவுதான். சின்னத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது, ரொட்டி கிடையாது. 15ஆம் நூற்றாண்டில் நான்காம் நிக்கோலா வருகிறார். 1426இல் குரோஷியாவின் ‘பான்’, அதாவது அரசப் பிரதிநிதி ஆகிறார். பணம், படை, பதவி எல்லாம் வந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் பாட்டன் தேவைப்படுகிறான். 1430இல் போப் ஐந்தாம் மார்ட்டின், இவர்கள் ரோமின் ஃபிராஞ்சிபானே குடும்பத்தின் உறவு என்று ஏற்றுக்கொண்டார். அந்தப் பெயருக்கு ரொட்டியைப் பிய்ப்பவர் என்று பொருள். பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்தவர்களாம். நட்சத்திரம் போனது, சிங்கங்கள் வந்தன. ரத்த உறவுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவே.

ஆனால் நீங்கள் இதை ஏன் முதல் கேள்வியாகக் கேட்டீர்கள்? ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்டதும் வேர் எங்கே, ரத்தம் எது என்று கேட்கிற இந்த வியாதி எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. நிக்கோலாவுக்கும் இந்த வியாதிதான். அவர் வீட்டுக்கு ரோமாபுரியைவிடப் பெரிய பெருமை ஒன்று ஏற்கெனவே இருந்தது.

கிர்க்குக்கு எதிர்க்கரையில் வினோடோல் என்றொரு பள்ளத்தாக்கு. 13ஆம் நூற்றாண்டில் அது இவர்கள் கைக்கு வந்தது. அதுவரை தங்கள் வழக்கப்படி வாழ்ந்த ஊர்கள், புதிதாக ஒரு பிரபு. எது பழைய வழக்கம், எது புதிதாகத் திணித்தது என்று தகராறு வந்திருக்கும். 1288 ஜனவரி 6 அன்று ஒன்பது ஊர்களின் ஆட்கள் நோவி என்ற ஊரில், பிரபுவின் மாளிகையில் கூடினார்கள். அப்பனும் பாட்டனும் சொன்ன சட்டம் யாருக்கு நன்றாக ஞாபகமிருக்கிறதோ அவர்களைப் பார்த்து ஊர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தன. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது வினோடோல் சட்டம். லத்தீனில் அல்ல, அவர்கள் பேசிய குரோஷிய மொழியில், கிளாகோலிட்டிக் என்ற பழைய ஸ்லாவ் எழுத்தில். நமக்குக் கிடைத்திருப்பது 16ஆம் நூற்றாண்டுப் படி.

தேவாலயத்தைப் புனிதப்படுத்த வரும் பிஷப்புக்கு 40 சோல்தின் (அந்தக் காலத்துச் சில்லறை நாணயம்), ஒரு மதிய உணவு, ஓர் இரவு உணவு, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே வருகிறது. பந்தியில் எத்தனை முறை ஏமாந்தவர்கள் எழுதிய வரி இது! பிரபுவின் ஆள் இல்லாமல் ஊர்க்கூட்டம் போடக் கூடாது என்றும் அதே சட்டத்தில் உண்டு. அதை மறைத்து நான் யாரையும் புகழப் போவதில்லை.

என்னை இரண்டு வாரமாக விடாதது வேறொரு விதி. ஒருவன் கெட்ட எண்ணத்தோடு ஒரு பெண்ணின் தலைத்துணியைப் பறித்து எறிந்தால் 50 லிப்ரா அபராதம். அதில் பிரபுவுக்கு 40 சோல்தின். இருபது சோல்தின் ஒரு லிப்ரா, ஆக அவருக்கு இரண்டு லிப்ரா. மீதி 48 லிப்ரா அந்தப் பெண்ணுக்கு.

திரும்பப் படியுங்கள். 48 அவளுக்கு.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் தெருக் குழாயடியில் தண்ணீர்ச் சண்டை. ஓர் ஆள் ஒரு பெண்ணின் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டான். அவள் அம்மாவின் சிநேகிதி, எனக்குச் சித்தி மாதிரி. அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம். அவன் மேல் தப்பு என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஐந்நூறு ரூபாய் அபராதம், கோயில் கணக்கில் வரவு. எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தபோது சித்தி கேட்டாள், ‘அப்ப எனக்கு?’

யாரோ சிரித்தார்கள். ‘உனக்குத்தாம்மா நியாயம் கிடைச்சிருச்சே’ என்றார் ஒரு பெரியவர். கெட்டவர் இல்லை அவர். எனக்கு மிட்டாய் வாங்கித் தருகிறவர். அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. சித்தி இரண்டு கையாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதன் பிறகு அந்தக் குழாய்க்கு அவள் வரவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் எடுத்தாள்.

நோவியில் அந்த ஆட்கள் கூடியிருந்தபோது யாரோ ஒருவர் ‘அப்ப அவளுக்கு?’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டவர் யாரென்று எந்தச் சின்னமும் சொல்லாது. 1430இல் ரோமில் நிக்கோலாவுக்குச் சிங்கம் கிடைத்தபோது அந்தச் சட்டத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு வயது.

அடுத்த முறை போனால் தீவோடு திரும்பிவிடாதீர்கள் அம்மா. பாலத்தைத் தாண்டிக் கரையோரமாகத் தெற்கே போனால் நோவி. பிரபுவின் கோட்டையில் இன்று மிச்சமிருப்பது ஒரு கோபுரம். கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு எனக்கு எழுதுங்கள்.