அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்ப்பதில் இருக்கும் பெரிய தவறான புரிதல் எது?

மூடநம்பிக்கைப் பட்டியலை எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். கிரகணத்தன்று உலக்கை நிற்பதெல்லாம் சின்ன விஷயம். அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நிறுத்திக் காட்டினால் பேச்சு முடிந்தது. என்னைக் கேட்டால், பெரிய தவறான புரிதல் சொல்பவர்கள் பக்கம்தான் இருக்கிறது. "நாங்கள் தகவலைக் கொடுத்துவிட்டோம், புரியாவிட்டால் அது ஜனங்களோட குறை" என்கிற நினைப்பு.

நான் இருப்பது வடசென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு பக்கம். இங்கே அறிவியல் தினசரி வீட்டுக்குள் வருவது வானிலை அறிக்கையாகத்தான். அதில் முதல் குழப்பம், துறைமுகத்தில் எண் போட்டு ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்றுதான் எங்கள் தெருவில் பலர் நினைக்கிறார்கள். அது ஓரளவுக்குத்தான் சரி. 5, 6, 7 மூன்றுமே ஒரே தர ஆபத்து. துறைமுகம் புயலின் பாதைக்கு இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. கடும் புயலுக்கு அதே வரிசையில் 8, 9, 10. 11 ஏற்றினால் உலகம் அழியப்போகிறது என்று அர்த்தமில்லை. புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். (யோசித்துப் பார்த்தால் அதுவும் பயப்பட வேண்டியதுதான்.) கப்பல்காரர்களுக்காக வந்த குறியீடு இது. அதை விளக்காமல் டிவியில் ஓட்டினால், வீட்டில் இருப்பவர் பெரிய எண் என்றால் பெரிய புயல் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதில் அவர் தப்பு என்ன?

அடுத்தது "கரையைக் கடக்கும்". 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, நெல்லூருக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் நடுவே கடக்கும் என்றார்கள். சரி, ஆந்திராவுக்குத்தானே என்று இங்கே பலர் நிம்மதியானார்கள். கணிப்பு பொய்க்கவில்லை, 5-ஆம் தேதி பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில் சென்னை மூழ்கிவிட்டது. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். புயலின் மையம் கரையேறும் இடம் வேறு, அதைச் சுற்றிய மேகம் கொட்டும் இடம் வேறு. கரை கடக்கும் இடத்தைச் சொன்ன அதே மூச்சில் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மழை அளவும் அப்படித்தான். டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "இருபது சென்டிமீட்டர்னா ஸ்கேல்ல பாதிக்குக் கொஞ்சம் மேல. அதுக்கா தம்பி இவ்ளோ கூவுறாங்க?" நியாயமான கேள்வி. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 500 சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். "உங்க மாடியில மட்டும் ஒரு தண்ணி லாரி, பெரிய லாரி, முழுசா கவுத்துட்டுப் போகுது. தெருவுல எத்தனை மாடி இருக்கு, அவ்ளோ லாரி. எல்லாம் ஒரே கால்வாய்க்குத்தான் போகணும்" என்றேன். அவர் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று கேட்க ஆரம்பித்தார். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்று பழகிய வடசென்னைக்காரர்களுக்கு லிட்டர் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், கணிப்பு தப்பும் நாள். 2024 அக்டோபர் 16-க்கு சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டின. எதிர்பார்த்த மழை வரவில்லை. தாழ்வு மண்டலம் மறுநாள் அதிகாலை சென்னைக்கு வடக்கே கடந்து போய்விட்டது. கார்காரருக்கு அது மீம் போட ஒரு விஷயம். கடலுக்குப் போகாதே என்ற சொல்லைக் கேட்டு படகைக் கட்டி வைத்தவருக்கு அன்றைய வருமானம் போச்சு. அவருக்கு ஒரு விளக்கம் பாக்கி இருக்கிறது. எச்சரிக்கையை மைக்கில் சொல்ல ஆள் வருகிறது, மழை ஏன் வரவில்லை என்று மறுநாள் சொல்ல யாரும் வருவதில்லை. "சயின்ஸ்காரன் சும்மா சொல்றான்" என்ற பேச்சு பெரும்பாலும் அந்த மறுநாளில்தான் பிறக்கிறது.

எளிமையாகச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று எழுதும் பிரதீப் ஜானின் பதிவுகளைப் பாருங்கள். கலைச்சொல்லுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனாலும் படிக்கிறார்கள், ஏனென்றால் எந்தப் பகுதியில், எப்போது என்று தன் வீட்டுக் கேள்விக்கு அதில் பதில் கிடைக்கிறது. எங்கள் டீக்கடையில் இப்போது மழை ஏமாற்றினால், "டிரை ஏர் உள்ள பூந்துடுச்சிப்பா" (வறண்ட காற்று) என்று யாராவது ஒருத்தர் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.