மணலா, ஏரிக்கரையா, செம்மண்ணா? கடலூர் – புதுச்சேரி ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தப் பக்கத்து நிலம் தட்டை. ஏற்றத்தைவிடக் காலடித் தரையும் புழுக்கமும்தான் ஓடுகிறவரைச் சோதிக்கும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சுற்றியே இருந்தன.

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலேயே போய்ப் போய் வந்து அலுத்துவிட்டது. ஊரைத் தாண்டாமல் பத்து கி.மீ. ஓட வேறு வழி இருக்கிறதா?
– முத்தியால்பேட்டை வாசகர்

இருக்கிறது. பழைய நகரைச் சுற்றியுள்ள புல்வார் சாலைகளைப் பிடியுங்கள். கடற்கரைச் சாலையின் தென்முனையில் டூப்ளே சிலையருகே தொடங்கி, சுப்பையா சாலையில் ரயில் நிலையத்தைக் கடந்து, அண்ணா சாலையில் வடக்கே திரும்பி, சர்தார் பட்டேல் சாலை வழியாக மறுபடி கடலுக்கு வந்தால் ஒரு சுற்று. சுமார் ஐந்து கி.மீ. வரும், இரண்டு சுற்றில் உங்கள் கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஆறு மணிக்குள் அண்ணா சாலையைத் தாண்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே ஓடுவது வீண் வம்பு.

கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. ஆகவே அந்தப் பகுதியைச் சுற்றின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதைக் கற்களில் ஓடாமல் தார்ச்சாலையிலேயே ஓடுங்கள். உப்புச்சாரல் படிந்த கல் விடியற்காலையில் வழுக்கும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா பக்கமாக மணலில் ஓடிவிட்டு, திரும்பி வரும்போது சாலையில் நடந்து வருகிறேன். ஒரு மாதமாக வலது முழங்காலின் வெளிப்பக்கம் குத்துகிறது. ஷூ சரியில்லையா?
– கடலூர், மஞ்சக்குப்பம்

ஷூவைச் சந்தேகிப்பதற்கு முன் கரையின் சரிவைப் பாருங்கள். வடக்கு நோக்கி ஓடும்போது கடல் உங்கள் வலப்பக்கம். ஒவ்வோர் அடியிலும் வலது கால் பள்ளத்திலும் இடது கால் மேட்டிலும் விழுகிறது. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய, தொடையின் வெளிப்புறமாக இறங்கி முழங்காலைத் தாண்டும் பட்டை இழுபடுகிறது. நீங்கள் சொல்லும் இடத்தில் வலி வர அதுவே போதும். திரும்பும்போதும் மணலிலேயே ஓடியிருந்தால் சுமை இரண்டு காலுக்கும் பிரிந்திருக்கும்.

முதலில் இரண்டு வாரம் மணலை விட்டுவிட்டு, வலி இல்லாத தூரம் மட்டும் சமதரையில் ஓடுங்கள். பிறகு மணலுக்குத் திரும்பும்போது ஒரே நீட்டாகப் போகாமல் ஐந்து நிமிடம் வடக்கே, ஐந்து நிமிடம் தெற்கே என்று மாற்றி மாற்றி ஓடுங்கள். மொத்தம் இருபது நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். வெறுங்காலோடு ஓடுவதென்றால் இன்னும் குறைவாக, பத்து நிமிடம். கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் பழக ஒரு மாதமாவது பிடிக்கும். இரண்டு வாரத்திலும் வலி தணியவில்லை என்றால் இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போவதும் முக்கியம். அலை இப்போதுதான் விட்டுப்போன ஈரமணல் பட்டைதான் கெட்டியாகவும் ஓரளவு சமமாகவும் இருக்கும். ஏற்றத்தின்போது அந்தப் பட்டை மூழ்கி, காலை உள்வாங்கும் பொடிமணலும் செங்குத்துச் சரிவுமே மிஞ்சும். ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஆறு மணிக்கு வற்றம் என்றால், ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் ஏற்றம். இரண்டு வாரத்தில் மறுபடி வற்றம். காலண்டரில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றத்தில் பட்டை அதிக அகலமாக விரியும்.

படகுகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து மேட்டுப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். நங்கூரக் கயிறு மணலுக்குள் புதைந்து கிடக்கும், கணுக்கால் உயரத்தில் திடீரென்று விறைக்கும். அறுந்த நைலான் வலையும் தூண்டில் முள்ளும் அங்கேதான் அதிகம். கரைவலை இழுக்கிறார்கள் என்றால் கயிற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அவர்களுக்குப் பின்னால் போய்ச் சுற்றிக்கொள்ளுங்கள். பெண்ணையாறு, கெடிலம் முகத்துவாரங்களில் முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கவும் வேண்டாம். மழைக்காலத்தில் மணல்திட்டு உடைந்து ஒரே இரவில் ஆழம் மாறிவிடும்.

நண்பர்கள் நாலு பேர் புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை மெயின் ரோட்டில் ஓடலாம் என்கிறோம். சுமார் 22 கி.மீ., அரை மாரத்தான் பயிற்சிக்குப் பொருத்தம்தானே?
– அரியாங்குப்பம்

தூரம் பொருத்தம், சாலை பொருத்தமில்லை. பஸ், லாரி, மீன் வண்டி எல்லாம் விடியற்காலையிலேயே பறக்கும் தடம் அது. ஓரத்தில் காலூன்ற இடம் பல இடங்களில் கிடையாது. தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பி, பூரணாங்குப்பம், நல்லவாடு, புதுக்குப்பம் பக்கத்து ஊர்ச் சாலைகளில் ஓடுங்கள். இன்னும் தெற்கே நரம்பை, பன்னித்திட்டு, மணப்பட்டு பக்கமும் அப்படித்தான்: சவுக்குத்தோப்பு, தென்னை, இடையிடையே கடல். கடலோரமாகவே விடாமல் போகும் சாலை கிடையாது. இடையில் முகத்துவாரம் குறுக்கிடும். அதனால் ஒரு பக்கமிருந்து உள்ளே போய் அதே வழியில் திரும்புகிற மாதிரி திட்டமிடுங்கள். எந்தச் சாலையானாலும் வலப்பக்கம், எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவதுதான் முறை. நாலு பேர் என்றால் ஒருவர் பின் ஒருவராக.

வயல்வெளிப் பாதை வேண்டும். பாகூர் ஏரிக்கரை எப்படி? ஊசுட்டேரி? எந்த மாதத்தில் போகலாம்?
– வில்லியனூர் வாசகி

நாங்கள் சொல்வதானால் இந்த வட்டாரத்தில் முதல் பரிசு பாகூருக்குத்தான். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும் ஏரி அது. கரைமேல் ஏறினால் ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறுபக்கம் ஏரிப் பாசன நெல்வயல். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சரியான பருவம்: ஏரி நிறைந்திருக்கும், பறவை இருக்கும், காற்றில் குளிர்ச்சி இருக்கும். மூலநாதர் கோயில் பக்கம் வண்டியை விட்டுவிட்டுத் தொடங்கலாம்.

மழை பெய்து இரண்டு நாள் ஆகும்வரை கரையில் ஏறாதீர்கள். மேல்மண் காய்ந்த மாதிரி தெரியும். கால் வைத்தால் அப்பிக்கொண்டு ஷூ அரைக் கிலோ கனக்கும். ஈரத்தில் டிராக்டர் போன தடம் காய்ந்து கல்லாகி இருக்கும், அதில் கணுக்கால் மடங்குவது சுலபம். பார்வை ஐந்தாறு அடி முன்னால் இருக்கட்டும்.

தை, மாசியில் சம்பா அறுவடை. சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஓடுவது அவர்களுக்கு நஷ்டம், உங்களுக்கும் ஆபத்து. தார்மேல் நெல்மணி உருண்டு காலை வாரிவிடும். அதே பருவத்தில் கரும்பு டிராக்டர்களும் பின்விளக்கு இல்லாமல் வரும். தலைவிளக்கோடு, முதுகில் ஒளிரும் பட்டை ஒன்றும் அவசியம்.

கண்ணாடி விரியனும் நல்லபாம்பும் வரப்போரத்தில் உண்டு. நன்றாக விடிந்த பிறகு, கரையின் நடுவில், புல்லை மிதிக்காமல் ஓடினால் பயமில்லை. கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறிவிடுவதும் கூடாது. அந்தக் காலை அசைக்காமல் உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள்.

ஊசுட்டேரியையும் கேட்டிருந்தீர்கள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் அது பறவைகள் சரணாலயம். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடும் கூட்டம் அங்கே வேண்டாமே.

மலை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இங்கே ஏற்றப் பயிற்சிக்கு எங்கே போவது?
– திருப்பாதிரிப்புலியூர்

உங்களுக்குப் பக்கத்திலேயே கேப்பர் மலை இருக்கிறது. திருவந்திபுரம் பக்கமிருந்து மேலேறும் சாலைகளில் இருநூறு, முந்நூறு மீட்டர் நீள ஏற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏறும்போது ஓட்டம், இறங்கும்போது நடை என்று ஆறு முறை தொடங்கி, பத்து வரை கூட்டுங்கள். முகூர்த்த நாளில் மட்டும் திருவந்திபுரம் பக்கம் தலைவைக்காதீர்கள். கல்யாண வண்டிகள் விடியுமுன்பே வரிசை கட்டிவிடும்.

புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் மேடு கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டரைத் தொடும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து குயிலாப்பாளையம் நோக்கி மேற்கே ஏறும் சாலை நீளமான, மிதமான ஏற்றம். உள்ளே செம்மண் தடங்களில் காய்ந்த காலத்தில் கெட்டித் தரைமேல் பொடிச்சரளை கேழ்வரகு சிந்திய மாதிரி கிடக்கும்; வளைவில் வேகம் குறைக்காவிட்டால் சறுக்குவது உறுதி. அடியில் நாலு மில்லிமீட்டர் பல் உள்ள, மண்பாதைக்கான டிரெயில் ஷூ அங்கே காசுக்கு மதிப்பு. சில தடங்கள் குடியிருப்புக்குள் போகின்றன, பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானில் நேரக்கணக்கும் பரிசும் இல்லை. பாதையைப் பழக அதைவிட நல்ல நாள் கிடையாது.

சித்திரை, வைகாசியில் எட்டு கி.மீ. தாண்டினாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் நிறையத்தான் குடிக்கிறேன்.
– நெல்லிக்குப்பம்

வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பதும் சிக்கல்தான், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். முதலில் உங்கள் வியர்வையை அளந்துவிடுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், ஈர உடையைக் கழற்றி, உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. வழியில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஓடும்போது அதில் பாதியை ஈடுகட்டினால் போதும், மீதி வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட மோரிலோ நீராகாரத்திலோ. ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பாக்கெட்டில் அளவைப் படியுங்கள். 200 மில்லிக்கும் உண்டு, ஒரு லிட்டருக்கும் உண்டு. லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். வீட்டில் கலக்க: ஒரு லிட்டருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள்.

பிடிப்புக்கு உப்பு மட்டும் காரணமில்லை. வெயில் காலத்திலும் மார்கழி வேகத்திலேயே ஓடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம். உடம்பு வெப்பத்துக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் தேவை. அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். கடலோரம் குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பிப் போகவும் வேண்டாம். அந்த மாதங்களில் விடியற்காலைக் காற்று தரையிலிருந்துதான் வரும். கடற்காற்று எட்டிப்பார்க்க மதியம் நெருங்கிவிடும்.

நாய்?
– ஒரே சொல்லில் கேட்டவர், லாஸ்பேட்டை

ஓட்டத்தை நிறுத்தி, கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் நடந்து விலகுங்கள். பெரும்பாலும் துரத்தல் அங்கேயே முடியும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத ஊசியும் வேண்டியிருக்கும், கேட்டு வாங்குங்கள். வளர்ப்பு நாய்தானே என்று விடாதீர்கள்.

மணலில் ஓடிய ஷூ மூன்றே மாதத்தில் வாயைப் பிளந்துவிட்டது.
– கடலூர் முதுநகர்

அன்றன்றே நல்ல தண்ணீரில் அலசி, உள்தகட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் பசை இளகிவிடும். நனையும் ஓட்டங்களுக்குப் பழைய ஜோடி, சாலைக்குப் புது ஜோடி என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் தாங்கும்.