விட்ஜெட்: கேட்டவர்களும் பதில்களும்

தேவகோட்டை நகைக்கடைக்காரர்: போன் முகப்பில் தங்க விலை காட்டும் சின்னப் பெட்டி, அதாவது விட்ஜெட், வைத்திருக்கிறேன். ஆப்பைத் திறந்தால்தான் புது விலை தெரிகிறது. போனில் கோளாறா?

பதில்: போன் நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணே. முகப்பில் தெரிவது ஓடிக்கொண்டிருக்கிற ஆப் இல்லை, ஆப் கடைசியாக வரைந்து கொடுத்த படம். அடுத்த படத்தை எப்போது மாட்டலாம் என்று போன் முடிவு செய்கிறது, பேட்டரிக்காக. ஆண்ட்ராய்டின் வழக்கமான ஏற்பாட்டில் 30 நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் புதுப்பிக்காது. ஐபோனில் அடிக்கடி பார்க்கிற விட்ஜெட்டுக்கே நாளொன்றுக்குச் சுமார் 40 முதல் 70 தடவைதான். பில் போடும் முன் ஆப்பையே திறந்து பாருங்கள். ‘நொடிக்கு நொடி விலை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பைப் போனில் ஏற்றுகிற கோப்பை, தொடவே தொடாதீர்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: விட்ஜெட் வைத்தால் பேட்டரி தீருமா?

பதில்: அதற்குத்தான் மேலே சொன்ன கட்டுப்பாடு.

காரைக்குடி மாணவி: ஆப் எழுத உதவும் ஃப்ளட்டர் என்ற கருவியில் பட்டனும் விட்ஜெட், ஓர இடைவெளியும் விட்ஜெட் என்கிறார்கள். போன் முகப்பு விட்ஜெட்டும் அதுதானா?

பதில்: இல்லைம்மா. ஃப்ளட்டரில் திரையைக் கட்டுகிற ஒவ்வொரு துண்டும் விட்ஜெட். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் திரை. முகப்பில் வைப்பதை ஃப்ளட்டரில் மட்டும் எழுதி முடிக்க முடியாது. ஐபோனுக்கு ஸ்விஃப்ட்யூஐ, ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் அல்லது ஜாவா என்று அந்தந்தப் போனுக்கான நிரல் கருவியும் தேவைப்படும்.

பி.காம். மாணவர்: ‘தொழிற்சாலை 1,000 விட்ஜெட் தயாரிக்கிறது’ என்று கணக்கு வருகிறதே, அது என்ன பொருள்?

பதில்: எதுவும் இல்லை, தம்பி. சோப்பு என்றால் மனசு சோப்பின் பின்னால் போய்விடும், அதனால் பெயரில்லாத பொருள். ஆத்தங்குடி டைல்ஸ் என்று வைத்தும் போடலாம்.

ஆத்தங்குடி பட்டறைக்காரர்: எங்கள் டைல்ஸை எப்படி அதில் சேர்ப்பீர்கள்?

பதில்: கோபம் நியாயம்தான், அண்ணே. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்டைக் கையால் ஊற்றுகிறீர்கள். அச்சை எடுத்ததும் வண்ணங்கள் ஓரத்தில் லேசாகக் கலக்கும். அதனால் ஒன்றுபோல் இன்னொன்று வராது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகும். பாடத்து விட்ஜெட்டோ அச்சு அசல் ஒன்றே.

மாணவர்: ஆனால் அடக்க விலை கணக்கு ஒன்றுதானே?

பதில்: பாதிதான். அச்சின் செலவு எண்ணிக்கை கூடக் கூடப் பரவிக் குறையும். கைக்கூலி ஒவ்வொரு டைல்ஸுக்கும் முழுசாக வரும். தொட்டியில் இடம் இல்லாவிட்டால் ஊற்றியதை எங்கே ஊறவைப்பது? ‘இரட்டிப்பு உற்பத்தி, பாதி செலவு’ என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும், பட்டறையில் சொன்னால் அடி விழும்.

பட்டறைக்காரர்: கூலியைக் கணக்கில் எழுதுகிற தம்பி ஒருநாள் வந்து ஊற்றிப் பார்க்கட்டும்.

பதில்: அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: பேரன் விளையாடியதில் முகப்புக் கடிகாரம் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் கடிகார ஏபிகே அனுப்பியிருக்கிறார்கள், போடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், ஆச்சி! முகப்பில் காலி இடத்தை அழுத்திப் பிடியுங்கள், ‘விட்ஜெட்’ என்று வரும். அதில் கடிகாரத்தை இழுத்துப் போடுங்கள். வராவிட்டால் பேரனையே கூப்பிடுங்கள்.