மகளுக்குக் கேமிங் லேப்டாப்: 68,000, 77,000, 95,000 ஆகிய மூன்றில் எது?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். காட்பாடிப் பக்கம் பொறியியல் சேரும் மகளுக்குப் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப் வேண்டும், கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. வேலூர்க் கடையில் 68,000 ரூபாய்க்கு ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கிராபிக்ஸ் கார்டு (விளையாட்டுக் காட்சிகளை வரைந்து காட்டும் பாகம்) உள்ள லேப்டாப், இணையத்தில் 77,000 ரூபாய்க்கு ஆர்டிஎக்ஸ் 4050, சென்னை ரிச்சி தெருவில் 95,000 ரூபாய்க்கு மெல்லிய உடல் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060 என்று மூன்று விலைகள் சொல்லியிருக்கிறார்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஆனால் அதன் கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட்டில் ஓடுகிறது என்பதையும், பழுதானால் ஆள் உங்கள் வீட்டுக்கு வருவாரா என்பதையும் விசாரித்த பிறகே பணத்தைக் கட்டுவேன்.

நான் கணினி விற்பவன் அல்லன். வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன், 2021இல் அக்கா மகனுக்கு ஒன்றும், பின்னர் என் மகனுக்கு ஒன்றும் வாங்கிக் கொடுத்த அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு.

முதலில் வாட். கடைக்காரர்கள் 4050, 4060 என்று எண்ணை மட்டும் சொல்வார்கள். அந்த எண் கார்டின் பெயர்தானே தவிர, அதன் வேகத்தை அது முழுதாகச் சொல்வதில்லை. கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம், அதாவது வாட், கூடினால் வேகமும் கூடும். லேப்டாப்புக்கான 4050, 4060 இரண்டையுமே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ள இந்தக் கார்டுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. உடல் மெலிந்த லேப்டாப்பில் வெப்பத்தை வெளியேற்ற இடம் போதாது என்பதால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படி மூச்சுப்பிடித்து ஓடும் 4060, தாராளமாக மின்சாரம் பெறும் 4050இடம் தோற்றுப்போவதும் உண்டு. ரிச்சி தெரு லேப்டாப்பை நான் சந்தேகிப்பது இதனால்தான். 4060இல் 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் இருக்கிறது, 4050இல் 6 ஜிபிதான் என்பது உண்மையான வேறுபாடு. ஆனால் கூடுதலாக 18,000 ரூபாய் கொடுத்து, அதுவும் பட்ஜெட்டைத் தாண்டி, வாட் குறைந்த ஒன்றை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதைக் கண்டறிய நிபுணர் தேவையில்லை. என் மகனுக்கு வாங்கும்போது ஆபீசர்ஸ் லைனில் ஒரு கடையில் காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் பகுதியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தச் சொன்னேன். அதில் மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரிக்கு நேரே வாட் எண் இருந்தது. விற்பனைப் பையன் அதை அதுவரை பார்த்ததில்லை போலும். பக்கத்து மேசை லேப்டாப்பையும் தானாகவே திறந்து ஒப்பிட்டுப் பார்த்தான். இணையத்தில் வாங்குவதானால் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் முழு எண்ணைத் தட்டி, விவரப் பட்டியலில் டிஜிபி (கார்டு எடுக்கும் மொத்த வாட்) என்று இருப்பதைப் பாருங்கள். 85 வாட்டுக்கு மேல் இருந்தால் எடுக்கலாம் என்பது என் கணக்கு.

கடையில் பார்க்கும் லேப்டாப்பில் ரேமையும் (கணினியின் வேலை நினைவகம்) பார்த்துவிடுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 16 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 8 ஜிபி குச்சிகள் இரண்டாக இருந்தால் விளையாட்டு வேகம் கூடும். பிராசஸர், எஸ்எஸ்டி பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். இந்த விலையில் எல்லாமே போதுமானவை. திரையில் மட்டும் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) என்ற எண்ணோடு நின்றுவிடாமல், நிறத்துக்கு 45 சதவீதம் என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் அளவு) என்று போட்டிருந்தால் அது வெளிறிய திரை என்று புரிந்துகொள்ளுங்கள்.

68,000 ரூபாய் லேப்டாப்பைப் பொறுத்தவரை, 3050இல் 4 ஜிபி, 6 ஜிபி என இரண்டு வகை உண்டு. கடைக்காரர் எதைச் சொன்னார் என்று உங்கள் கேள்வியில் இல்லை. 4 ஜிபி என்றால் வேண்டவே வேண்டாம். 6 ஜிபியாக இருந்தாலும், நான்காண்டுகள் ஓட வேண்டிய ஒன்றுக்கு 4050ஐவிட ஒரு தலைமுறை பழைய கார்டைத் தேர்ந்தெடுக்க 9,000 ரூபாய் மிச்சம் ஒரு காரணமாகாது. மகள் மெஷின் லேர்னிங் பக்கம் போனால் கிராபிக்ஸ் நினைவகம் குறைவாக இருப்பது இன்னும் கையைக் கடிக்கும்.

இனி வாரண்டி. அக்கா மகனின் லேப்டாப் பதினோராம் மாதத்தில் திரை இருண்டது. ஓராண்டு வாரண்டி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். அது வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டி அன்று, நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டிய கேரி-இன் வாரண்டி என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டிருந்த வேலூர் முகவரிக்குப் போனால் அங்கே கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். கத்திரி வெயிலில் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கு மூன்று முறை போய்வந்தேன். முதல் முறை, வாரண்டி போன மாதமே முடிந்துவிட்டது என்றார்கள். நாம் வாங்கிய தேதியிலிருந்து எண்ணாமல், நிறுவனம் விநியோகஸ்தருக்கு அனுப்பிய தேதியிலிருந்து அவர்கள் கணினி எண்ணியிருக்கிறது. பில் வீட்டு அலமாரியில் இருந்தது. இரண்டாம் முறை பில்லோடு போய் ஒப்படைத்தேன், மூன்றாம் முறை போய் வாங்கி வந்தேன்.

ஆகவே இணையத்தில் பார்த்த 4050 மாடலுக்கு ஆன்சைட் வாரண்டி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, 632 என்று தொடங்கும் உங்கள் பின்கோடைச் சொல்லி, அந்த இடத்துக்கு ஆள் வருவாரா என்று கேளுங்கள். வாங்கிய வாரத்திலேயே பில்லைப் பதிவேற்றி, வாரண்டி தொடங்கும் தேதியைத் திருத்திக்கொள்ளுங்கள். சாதாரண வாரண்டியில் தண்ணீர் சிந்தியதும் கீழே விழுந்ததும் சேராது. உங்கள் மகள் தினமும் குடியாத்தத்திலிருந்து பேருந்தில் கல்லூரிக்கு வந்துபோகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அடாப்டரோடு சேர்த்தால் சுமை 3 கிலோவை நெருங்கும், நெரிசலில் பை எங்கே இடிபடும் என்று சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் 3,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் போட்டு, விபத்துச் சேதத்தையும் சேர்த்த வாரண்டி நீட்டிப்பு வாங்குவது, அந்தப் பணத்தில் பல நிறத்தில் மின்னும் ஆர்ஜிபி விளக்கு வாங்குவதைவிட எவ்வளவோ மேல். நீட்டிப்பை முதல் ஆண்டு வாரண்டி முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். முடிந்த பின் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பரிசீலனைக் கட்டணமும் கார்டுக் கணக்கில் தனியாக ஏறும். உள்ளூர்க் கடையில் பில் வேண்டாமென்றால் விலையைக் குறைக்கிறேன் என்பார்கள். பில் இல்லாத லேப்டாப்புக்கு வாரண்டி கேட்டு எந்த வாசலிலும் நிற்க முடியாது. நிறுவனம் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது வேலூரிலேயே, வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் அதுவே விதி.

கடைசியாக நம்மூர் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் அறைக்காற்றைத்தான் விசிறி உள்ளே இழுக்கிறது. அதனால் குளிர்ந்த அறையில் எடுத்த யூடியூப் சோதனை வேகம் நம் வீட்டு மாடி அறையில் கிடைக்காது. என் மகன் பின்பக்கத்துக்குக் கீழே இரண்டு பழைய கேரம் காய்களை வைத்து உயர்த்திக்கொள்கிறான், மெத்தைமேல் வைப்பதில்லை. லேப்டாப் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் நீங்களும் ஒரு பிற்பகல் நேரத்தில் மாடியில் வைத்து இரண்டு மணி நேரம் விளையாட விட்டுப் பாருங்கள்.