டப்பாவில் இருக்கிறது, ரேடியேட்டரில் இல்லை

வண்டி வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 2007 மாடல் மாருதி ஆம்னி. விசேஷ வீடுகளுக்குச் சாப்பாடு ஏற்றிப் போகும் வண்டி. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் டப்பாவில் எப்போது பார்த்தாலும் அளவு சரியாகவே இருக்கிறது. ஆனால் பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
வாசகர், அல்சூர்

பதில்: தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடான பிறகே கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கட்டும். முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். உங்கள் வண்டியில் டப்பா நிறைந்திருக்க, ரேடியேட்டர் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

காரணம் அந்த மூடிதான். அதில் இரண்டு வால்வுகள் உண்டு. எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறும்போது பெரிய வால்வு திறந்து, விரிவடைந்த கூலன்டை டப்பாவுக்குத் தள்ளும். எஞ்சின் ஆறி உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து, போனதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சின்ன வால்வு ஒட்டிக்கொண்டாலோ, ரப்பர் வளையம் வெடித்தாலோ, டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசல் விழுந்தாலோ போனது திரும்பாது, அதற்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு டப்பா ததும்பும், ரேடியேட்டர் காய்ந்துகொண்டிருக்கும். டப்பா அளவை மட்டும் பார்த்து நிம்மதியடைவது பழைய வண்டிக்கு ஆகாது.

பார்க்கும் நேரம் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன். சமதளத்தில் நிறுத்துங்கள். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே என்பதால் முந்தின ஓட்டத்தின் சூடு சீக்கிரம் வெளியேறாது. ஓடி நின்ற வண்டி என்றால் முக்கால் மணி நேரமாவது விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, மூடியைத் தொடாதீர்கள். மெத்தென்று இருந்தால் தடித்த துணியைப் போட்டு முதல் பிடிப்பு வரை மட்டும் திருப்புங்கள். 'உஸ்' சத்தம் முழுக்க நின்ற பிறகு அழுத்தித் திருகிக் கழற்றலாம்.

கூலன்ட் ரேடியேட்டரின் கழுத்து வரை தெரிய வேண்டும். இல்லையென்றால் மெதுவாக ஊற்றி நிரப்புங்கள். மூடியைப் போடாமல் வண்டியை நகர்த்தாமல் எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்து கொடுத்தால் சிக்கிய காற்று குமிழியாக வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது மீண்டும் ஊற்றுங்கள். ரேடியேட்டர் கழுத்து இருக்கும் பக்கம் கொஞ்சம் மேடாக வண்டி நின்றால் காற்று சீக்கிரம் வெளியேறும். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, டப்பாவில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். விளிம்பு வரை ஊற்றினால் சூட்டில் விரிவடைந்து வழிந்து வீணாகும்.

அரை மணி ஓட விட்டும் குமிழி நிற்காமல் வந்தால், அல்லது ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் பசை தெரிந்தால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

மூடியைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ஜே.சி. ரோடு கடைகளில் விலை அதிகமில்லாத சாமான்தான். பழைய மூடியின் தலையில் அச்சடித்த அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண் கேளுங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவது பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும்தான்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் நெடுஞ்சாலையில் சூடேறாமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். நெரிசல் சூட்டுக்கு இது மருந்தே அல்ல. சந்தேகமிருந்தால் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். கொதித்த பிறகும் திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

நெரிசலில் மட்டும் சூடேறி, வண்டி ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால் அடுத்த குற்றவாளி ஃபேன். ஐடிலில் முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, தெர்மோ ஸ்விட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். நேர்மாறாக, மேட்டிலும் வேகத்திலும்தான் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பும் வாட்டர் பம்பும் சோதிக்க வேண்டியவை.

கேள்வி: பச்சை, சிவப்பு, நீலம் என்று கூலன்ட் விற்கிறார்கள். எது வாங்குவது? வீட்டுக்கு வரும் காவிரித் தண்ணீரைக் கலந்தால் போதாதா?
வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, கம்பெனி இஷ்டம். கேனின் பின்பக்கம் எழுதியிருக்கும் வகையைத்தான் பார்க்க வேண்டும். பழைய வகைக்கு இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். நீண்டகால வகை ஐந்து வருடம் வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் துருத்தடுப்பு மருந்துகள் ஒன்றையொன்று கெடுக்கும், சில கலவைகள் கூழாகித் திரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பழைய வண்டி என்றால் முழுக்க வடித்துக் கழுவி ஒரே வகை போடுவதே நல்லது.

ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே தண்ணீர் கலந்தது) என்றால் அப்படியே ஊற்றலாம். கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக் கடையில் கிடைக்கும். காவிரியோ போர்வெல்லோ, குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். போர்வெல் தண்ணீர் இதில் மகா மோசம். கான்சன்ட்ரேட்டைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றுகிறவர்களும் உண்டு, அதுவும் தப்பு. கூலன்டில் இருக்கும் கிளைகோல் தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும்.

கழுவிய பிறகு நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ஒன்று. ரேடியேட்டரை வடித்தாலும் எஞ்சினுக்குள் கணிசமான தண்ணீர் தங்கிவிடும். அதன் மேல் ரெடிமிக்ஸ் ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். வண்டிக் கையேட்டில் மொத்தக் கொள்ளளவைப் பாருங்கள். 5 லிட்டர் என்றால் முதலில் 2.5 லிட்டர் கான்சன்ட்ரேட்டை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். உள்ளே தங்கியதும் சேர்ந்து கணக்கு சரியாக வரும். கடைசியாகக் கழுவுவதும் டிஸ்டில்ட் வாட்டரிலேயே இருக்கட்டும்.

கூலன்ட் தண்ணீர் உறையாமல் காக்க மட்டும்தான் என்று நினைத்து, 'ஊட்டியா இது, உறைவதற்கு?' என்று கூலன்டே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 மூடி அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால் சுமார் 117. பாதிக்குப் பாதி கூலன்டும் சேர்ந்தால் 125-ஐ ஒட்டிப் போகும். மூடி கெட்டால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் மேட்டில் ஆவி கிளம்பியது. உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். சரிதானா?
வாசகர், மர்ஃபி டவுன்

பதில்: சரியில்லை. காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் வளையலாம், பிளாக்கில் விரிசலும் விழலாம். ஆவி வந்தால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து, முக்கால் மணி நேரம் ஆற விடுங்கள். பிறகு எஞ்சினை ஐடிலில் ஓட விட்டுச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். வழியில் கூலன்ட் இல்லையென்றால் பாட்டில் குடிநீர் போதும். வீடு வந்ததும் வடித்துவிட்டுச் சரியான கலவை போட்டுக்கொள்ளுங்கள்.

சிவப்பில் இருந்த முள் மேட்டிலேயே திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் வற்றி ஆவி மட்டும் மிஞ்சும்போதும் முள் இறங்கும். இன்னொன்று: வாட்டர் பம்ப் எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். மேட்டில் டாப் கியரில் முக்கி முக்கி ஏறாமல் ஒரு கியர் குறைத்து ஏறுங்கள். முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள், அது எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: ரேடியேட்டர் ஒழுக்குக்கு மஞ்சள் தூள் போடச் சொல்கிறார்கள்.
வாசகர், சிவாஜிநகர்

பதில்: ஊசித் துளையை அது அடைக்கும், உண்மைதான். நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும். நடுக்காட்டில் நின்றால் ஒரு ஸ்பூன் போட்டு ஊர் வந்து சேருங்கள், வந்ததும் கழுவிவிடுங்கள். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதே வேலை. இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தால் காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். கிளாம்ப் மாட்டிய இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் பம்புக்கு அடியில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. அதிலிருந்து சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்காமல் பம்பை மாற்றுங்கள்.

வடித்த கூலன்டைத் தெருச் சாக்கடையில் கொட்டாதீர்கள், வாளியில் திறந்தும் வைக்காதீர்கள். இனிப்புச் சுவைக்கு நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு மட்டும் கலக்க வேண்டாம்.