பஸ் இலவசம், அம்மா?

கேள்வி: உடன்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 29, தனியார் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்ப் பெண்கள் முடையும் மூடி போட்ட ஓலைப் பெட்டிகளை நான்கு மாதமாக ஆன்லைனில் விற்கிறேன். பெட்டி விலை 350 ரூபாய். எடை கால் கிலோதான் என்பதால் டெலிவரிக்கு இந்தியா முழுக்க 60 ரூபாய் என்று வைத்தேன். ஆனால் கூரியருக்குச் சராசரியாக 110 ரூபாய் ஆகிறது. முடைந்தவருக்கு 180, கமிஷன் 50, அட்டைப் பெட்டிக்கு 25 போக 45 ரூபாய்தான் நிற்கிறது. மாதம் 40 பெட்டி போகிறது. மற்றவர்கள் ‘டெலிவரி இலவசம்’ என்று போடுகிறார்கள். நானும் அப்படிப் போட்டு விலையை ஏற்றட்டுமா, இல்லை டெலிவரிக் கட்டணத்தைக் கூட்டட்டுமா? பார்சல்களை அம்மா (61) வாரத்தில் ஐந்து நாள் திருச்செந்தூர் கூரியர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வருகிறார். பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால் அதில் செலவு இல்லை. தம்பி அங்கேதான் கல்லூரியில் படிக்கிறான். படிப்பு கெடக்கூடாது என்று அவனிடம் சொல்வதில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. முடைந்தவர், கூரியர்காரர், அட்டைப் பெட்டிக்காரர், ஆன்லைன் நிறுவனம் என்று எல்லோருக்கும் அதில் இடம் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் இல்லை.

“பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால் அதில் செலவு இல்லை.” போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

2021 மே மாதம் வந்த திட்டம் அது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. தனியார் வண்டியில் ஏறினால் காசு, எக்ஸ்பிரஸில் ஏறினாலும் காசு. அப்படியென்றால் 61 வயதுப் பெண் ஒருவர் கையில் இரண்டு அட்டைப் பெட்டியோடு, காசு கேட்கும் பஸ்ஸையெல்லாம் போகவிட்டு, அந்த ஒரு பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார். ஏறினால் பெட்டி நசுங்காமல் மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். கூரியர் ஆபீஸில் வரிசை. திரும்பி வருவதற்கு மறுபடி அதே காத்திருப்பு. போய்வர அரை நாள் ஆகாது என்று உங்களால் சொல்ல முடியுமா?

பெண்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வீட்டில் யாரிடமும் கை நீட்டாமல் போய்வரத்தான் அந்த டிக்கெட். அதை வைத்து நீங்கள் சம்பளமில்லாமல் ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள்.

சரி, கூலி போட்டே பார்ப்போம். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். அதைவிடக் குறைத்து அம்மாவுக்கு யாரும் கொடுக்கக் கூடாது. அரை நாளுக்கு 168. மாதம் 20 நாளுக்கு 3,360 ரூபாய். உங்களுக்கு மிஞ்சுவதாக எழுதியிருப்பது 40 பெட்டிக்கு 1,800. அந்த 1,800 முழுதும் அம்மாவுடையது. அதற்கு மேலும் 1,560 ரூபாய் பாக்கி. டெல்லியில் யாரோ ஒருவர் 60 ரூபாய் டெலிவரியில் பெட்டி வாங்குவதற்கு மாதாமாதம் அம்மா மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“பெற்ற தாய்க்குக் கூலியா?” என்று உங்களுக்குக் கோபம் வரலாம். ஊறுகாய் விற்கும் மருமகளும் மசாலா விற்கும் மகனும் இதையேதான் எனக்கு எழுதுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வயதான பெண் பாட்டில் கழுவுகிறார், டேப் ஒட்டுகிறார், லேபிள் வெட்டுகிறார். கேட்டால் “வீட்டு ஆள்தானே” என்கிறார்கள். குடும்பமாகச் சேர்ந்து உழைப்பது நல்லது, அதை நான் எங்கும் சொல்வேன். ஆனால் அம்மா உங்களுக்குச் சோறு கட்டிக்கொடுப்பது பாசம். பெங்களூரில் முகம் தெரியாத ஒருவருக்காகப் பெட்டி சுமப்பது வேலை. முடையும் பெண்களுக்கு 180 ரூபாயை எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்ற கணக்கே பார்க்கிறீர்கள். அந்த மரியாதை பெற்றவளுக்கு ஏன் இல்லை?

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தினமும் திருச்செந்தூருக்குப் போகிற பையன் இரண்டு பெட்டியைக் கூரியர் ஆபீஸில் இறக்கினால் எந்தப் படிப்பு கெடும்? அம்மாவின் முட்டியைத் தேய்த்துத் தம்பியின் நேரத்தைக் காப்பாற்றுகிறீர்கள். அக்கா பாசம் என்று நினைத்துச் செய்கிறீர்கள், அவனைக் கெடுப்பதுதான் நடக்கிறது. வீட்டில் ஒரு தொழில் நடந்தால் அதில் ஆண்பிள்ளைக்கும் பங்கு உண்டு. இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட டெலிவரிக் கட்டணம். கால் கிலோ என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை, டேப்பையும் எடுக்கிறார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பெரும்பாலானவர்களின் வழக்கம். வருவது கிலோ. அதுவும் உண்மையான எடையும் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் பணம். ஓலைப் பெட்டி காற்றைச் சுமக்கிற பொருள். உங்கள் பெட்டி 20-க்கு 20, உயரம் 12 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 4,800, அதாவது ஒரு கிலோவுக்குள். அதையே 23-க்கு 23, உயரம் 15 அட்டைப் பெட்டியில் போட்டால் 7,935. வகுத்தால் 1.59 கிலோ. அரை அரை கிலோவாக ஏற்றுகிறவர் அதை 2 கிலோ என்பார். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் மூன்று சென்டிமீட்டர்தான் கூடுதல், பணமோ இரண்டு மடங்கு எடைக்கு. 21-க்கு 21, உயரம் 13 அளவில் அட்டைப் பெட்டி செய்து வாங்கினால் 1.15 கிலோ, அதாவது ஒன்றரை கிலோ கட்டணம். நம் ஊர் ஓலை அத்தனை எளிதில் உடையாது. கருப்பட்டியே ஓலைக் கொட்டானில் ஊர் ஊராகப் போனதுதானே.

இரண்டு மூன்று அளவில் முடையச் சொல்லி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒரு செட்டாக விற்றுப் பாருங்கள். மூன்று பெட்டிக்கும் ஒரே பெட்டியின் கூரியர் செலவு. அந்த செட்டுக்கு ‘டெலிவரி இலவசம்’ என்று தைரியமாகப் போடலாம். ஒற்றைப் பெட்டிக்குப் போடாதீர்கள்.

நாடு முழுக்க ஒரே கட்டணம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் பக்கத்து ஊர் நாசரேத்துக்காரரும் கவுஹாத்திக்காரரும் ஒரே 60 ரூபாய் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவர் தூரத்தில் இருப்பவருக்காகக் கொடுக்கிறார், இல்லையென்றால் உங்கள் கை கடிக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஆகும் செலவைப் பெட்டி விலையிலேயே சேருங்கள். மற்ற தென் மாநிலங்களுக்கு ஒரு கூடுதல், வடக்குக்கு ஒன்று, வடகிழக்குக்கும் காஷ்மீருக்கும் தனியாக ஒன்று. கூரியர் கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள். டெலிவரிக் கட்டணத்தின் மேலும் கமிஷன் பிடிக்கும் நிறுவனங்கள் உண்டு. கைவினைப் பொருள் விற்கும் எட்ஸி என்ற இணையச் சந்தையில் 6.5 சதவீதக் கமிஷன், பொருள் விலை, டெலிவரிக் கட்டணம் இரண்டையும் சேர்த்துத்தான். உங்கள் நிறுவனத்தின் விதியை ஒரு முறை படியுங்கள்.

இவற்றோடு அம்மாவுக்கு ஒரு வரி. மேலே சொன்ன 3,360-ஐ 40 பெட்டிக்குப் பிரித்தால் பெட்டிக்கு 84 ரூபாய். பெரிய தொகையாகத் தெரிகிறதா? இத்தனை நாள் அதைத்தான் செலவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். குறைக்க வழி இருக்கிறது. ஆர்டர் வந்த அன்றே அனுப்ப வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அனுப்பும் அவகாசத்தை மூன்று நான்கு நாள் என்று மாற்றிவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அனுப்புங்கள். உங்கள் பின்கோடுக்கு வீட்டில் வந்து பார்சல் எடுக்கும் வசதி உண்டா என்று விசாரியுங்கள். ஊரிலேயே கிளை அஞ்சலகம் இருந்தால் அங்கே கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். நான்கு மாதத்தில் இதில் ஒன்றையாவது கேட்டிருக்கிறீர்களா? அம்மா போய்க்கொண்டிருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

புதிய கட்டணத்தை இப்போதே எழுதிவிடாதீர்கள். வருகிற சனிக்கிழமை உங்களுக்குப் பள்ளி இருக்காது. அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியை எடுத்துக்கொண்டு அதே இலவச பஸ்ஸுக்கு நீங்கள் நில்லுங்கள். கூரியர் ஆபீஸில் ரசீதை வாங்கி, எடை என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பி வந்தீர்கள் என்பதை அந்த ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உட்கார்ந்து விலையைப் போடுங்கள்.