தம்ளரைப் பிரித்து வைக்க வேண்டுமா? காசநோய்: கேள்வி பதில்

மலையில் பல வருஷம் சளிப் பரிசோதனை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் காலம் கழித்தவன் நான். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா: மாமியாருக்குக் காசநோய். தட்டு, தம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டோம். குளிருக்குச் சன்னலைத் திறப்பதே இல்லை. சரிதானே?

இரண்டுமே தலைகீழ், அம்மா. எச்சில் தம்ளரில் இது தொற்றாது. இருமும்போது தெறிக்கும் துளி காய்ந்து, கிருமியோடு மிஞ்சும் நுண்துகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். வம்பு அதில்தான். 1950களில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகளின் கூண்டுக்கு அனுப்பினார்கள். நோயாளியைக் கண்ணால்கூடப் பார்க்காத அந்தப் பிராணிகளுக்குத் தொற்று வந்தது. அதே காற்றில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி அனுப்பியபோது வரவில்லை. வெயில் வரும் நேரத்திலாவது சன்னலைத் திறங்க. மாமியாரை மூலையில் உட்கார வைத்துச் சோறு போடாதீங்க.

குன்னூர் வாசகர்: முன்பெல்லாம் மாதக்கணக்கில் தங்கவைக்கும் காசநோய் மருத்துவமனைக்கு, சானடோரியத்துக்கு, அனுப்புவார்களே?

அந்தப் பழக்கத்தை மாற்றியதே சென்னை ஆய்வுதான். 1956இல் தொடங்கி, ஒரே மருந்தைச் சிலருக்கு வீட்டிலும் சிலருக்குச் சானடோரியத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீடுகளிலும் நோய் குணமாயிற்று. கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்து ஆரம்பித்ததும் பரப்பும் வேகம் சட்டென்று குறைகிறது. ஆபத்தெல்லாம் நோய் இன்னதென்று தெரியாமல் இருமித் திரியும் மாதங்களில்தான்.

கூடலூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு தம்பி: அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் "ரத்தத்திலேயே இருக்கா?" என்கிறார்கள்.

பரம்பரை நோய் அல்ல என்று தைரியமாகச் சொல்லுங்க, தம்பி. ஆனால் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்றால் அது பொய். ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது, இருகரு இரட்டையரைவிட அதிகம் என்று 1943லேயே கால்மன், ரைஸ்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் கண்டறிந்த அரிவாள் செல் என்னும் பரம்பரை ரத்தக் கோளாறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒரே மரபணுவின் விஷயம். ரத்தம் எடுத்தால் உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம். காசநோயில் அப்படி முடியாது. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். போகட்டும், அப்பாவும் சித்தப்பாவும் பகிர்ந்துகொண்டது ரத்தத்தை மட்டுமா? ஒரே லயன் வீடு, ஒரே அடுப்புப் புகை, ஒரே அரைவயிறு.

ஊட்டி வாசகி: காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட தழும்பு இருக்கிறது. பயமில்லையே?

குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு அது நல்ல காவல். பெரியவர்களின் நுரையீரலுக்கு நம்ப முடியாது. 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வு அதைத்தான் சொன்னது.

மீண்டும் கூடலூர் தம்பி: அப்போ எனக்கும் வந்தே தீருமா?

இல்லை. கிருமி புகுந்த பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுளுக்கும் உறங்கிக்கிடக்கும். சர்க்கரை, எச்ஐவி, புகை, மெலிந்த உடம்பு, இவைதான் அதை எழுப்பும். ஜார்க்கண்டில் 2019 முதல் நடந்த ஆய்வில் நோயாளி வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள்; புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நீங்கள் என்ன எடை இருக்கிறீர்கள், அதை எழுதுங்கள் முதலில்.